கார்டிலிருந்து கணினிக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்ததை என் பழைய ஹேண்டிகேமில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் எடுத்தேன். கார்டில் இருந்த நான்கு எம்டிஎஸ் கோப்புகளை (படமும் ஒலியும் உள்ள வீடியோ கோப்புகள்) மட்டும் எடுத்து டெஸ்க்டாப்பில் போட்டு, பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் வரிசையாக அடுக்கினேன். ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் மூன்று இடங்களிலும் நாகஸ்வரமும் தவிலும் ஒரு நொடி அறுந்து மீண்டும் வருகின்றன. கார்டைக் கேமராவில் போட்டுப் பார்த்தால் இந்தக் குறை இல்லை. கார்டை இன்னும் அழிக்கவில்லை.
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: கார்டை இன்னும் அழிக்கவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முதலில் வந்திருக்க வேண்டிய வரி அது. அந்த வரி இருப்பதால் இந்தக் குறையை முழுமையாகத் தீர்த்துவிடலாம்.

கேமராவும் கார்டும் நன்றாகவே இருக்கின்றன. 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஎச்டி முறையில் உங்கள் கேமரா பதிவு செய்கிறது. 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகளில் எஃப்ஏடி32 என்ற கோப்பு முறை பயன்படுகிறது. அந்த முறையில் எந்தத் தனிக் கோப்பும் 4 ஜிபி அளவைத் தாண்ட முடியாது. வினாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஏறத்தாழ 24 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். உடனே கேமரா, பதிவை நிறுத்தாமலேயே, ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறந்துகொள்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு நான்கு கோப்புகள் வந்த கணக்கு இதுதான்.

வெட்டு விழும் இடம் படத்துக்கும் ஒலிக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதில்லை என்பதே சிக்கல். வினாடிக்கு 25 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்றால் ஒரு சட்டகம் 40 மில்லி வினாடி. ஏவிசிஎச்டியில் வழக்கமாக வரும் டால்பி ஒலியோ 32 மில்லி வினாடித் துண்டுகளாகப் பதிவாகிறது. ஆகவே ஓர் ஒலித் துண்டின் தலை முதல் கோப்பிலும் வால் அடுத்த கோப்பிலும் சிக்கிக்கொள்ளும். கோப்புகளைத் தனித்தனியாகத் திறக்கும் மென்பொருளுக்குத் தலையும் வாலும் ஒன்றைச் சேர்ந்தவை என்று தெரியாததால், இரண்டையும் விட்டுவிட்டு அங்கே மௌனத்தை வைத்துவிடுகிறது. தவில் உருண்டுகொண்டிருக்கும்போது அந்தச் சிறு மௌனம்கூடக் காதுக்குத் தப்பாது.

இந்த நான்கும் ஒரே பதிவின் தொடர்ச்சி என்ற செய்தி கார்டிலேயே இருக்கிறது; நீங்கள் அதை எடுத்து வரவில்லை, அவ்வளவுதான். பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் ஏவிசிஎச்டி, அதற்குள் பிடிஎம்வி, அதற்குள் ஸ்ட்ரீம், கிளிப்இன்ஃப், பிளேலிஸ்ட் என்று மூன்று ஃபோல்டர்கள் இருக்கும். படமும் ஒலியும் ஸ்ட்ரீமில் இருப்பதால் மற்ற இரண்டும் வேண்டாத சுமை என்று தோன்றும். நானும் தொடக்கத்தில் அப்படி நினைத்துக் கார்டுகளை அழித்தவன்தான். எந்தக் கோப்பு எதைத் தொடர்கிறது என்ற குறிப்பு அந்தச் சிறிய கோப்புகளில்தான் இருக்கிறது.

எனவே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்கி, கார்டைத் திறந்தவுடன் கண்ணில் படும் எல்லாவற்றையும், பெயர் மாற்றாமல், காலியான ஃபோல்டரைக்கூட விடாமல் அதற்குள் நகலெடுங்கள். பிறகு பிரீமியரில் கோப்புகளை இழுத்துப் போடாமல், மீடியா பிரவுசர் என்ற பகுதியைத் திறந்து அந்த ஃபோல்டருக்குச் செல்லுங்கள். நான்கு கோப்புகளும் அங்கே ஒரே கிளிப்பாகத் தெரியும். அதை இறக்குமதி செய்தால் ஒட்டு தெரியாது.

கார்டை அழித்துவிட்டு எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் கையில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் காப்பி என்ற கட்டளையுடன் சாய்கோடு, பி என்ற குறியைச் சேர்த்து, கோப்புகளின் பெயர்களை வரிசைப்படி கூட்டல் குறியால் இணைத்துக் கொடுத்தால், அவை பைட் மாறாமல் ஒரே கோப்பாகச் சேரும். சேர்ந்த கோப்பு 4 ஜிபியைத் தாண்டும் என்பதால், எஃப்ஏடி32 முறையில் உள்ள பென்டிரைவில் அதை எழுத முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் உள்ள டிஸ்க்கில் எழுதுங்கள்.

கேள்வி: நான் கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் ஒரே காலையில் இரண்டு கல்யாணங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து எடிட் செய்ய உட்கார்ந்தால், முதல் கல்யாணத்தின் டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பகுதியில்) தாலி கட்டும் இடத்தில் இரண்டாவது மாப்பிள்ளை நிற்கிறார். இது மென்பொருளின் கோளாறா?
- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பெண் வீட்டார் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்தீர்களே, அதுவரை நல்லது.

எடிட்டிங் மென்பொருள் உங்கள் கோப்புகளைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். பிரீமியர், ரிசால்வ் போன்றவற்றில் இறக்குமதி என்பது, இந்தப் பெயருள்ள கோப்பு இந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு முகவரி எழுதிக்கொள்வது மட்டுமே. கார்டிலிருந்து நேராக டைம்லைனுக்கு இழுத்துவிட்டுக் கார்டை உருவியவுடன் மீடியா ஆஃப்லைன் என்ற அறிவிப்பு வருவதும் இதனால்தான். பல கேமராக்கள், கார்டை ஃபார்மட் செய்தவுடன் எண்ணை மீண்டும் 0001 என்று தொடங்குகின்றன. இரண்டு கார்டுகளிலும் சி0001 என்ற பெயரில் ஒவ்வொரு கோப்பு இருந்திருக்கும். முதல் ஃபோல்டரை இடம் மாற்றிய பின், தொலைந்த கோப்பைத் தேடச் சொன்ன மென்பொருளுக்கு நீங்கள் இரண்டாவது ஃபோல்டரைக் காட்டியிருந்தால், அது பெயரைப் பார்த்து மாப்பிள்ளையை மாற்றிவிட்டது. சரியான ஃபோல்டரைக் காட்டி மீண்டும் இணைத்தால் பழையபடி வந்துவிடும்.

இரண்டு கார்டுகளையும் ஒரே ஃபோல்டருக்குள் கொட்டி, விண்டோஸ் கேட்டபோது ரீப்ளேஸ் என்பதை அழுத்தியிருந்தால் நிலைமை வேறு: முதல் கல்யாணம் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. அப்படியானால் முதல் கல்யாணத்தின் கார்டில் இனி ஒரு ஃபிரேம்கூட எடுக்காதீர்கள். கோப்புகள் இன்னும் கார்டில் இருந்தால் அங்கிருந்தே மறுபடி நகலெடுக்கலாம். ஃபார்மட் மட்டும் செய்திருந்தால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் ஓரளவு மீட்க முடியும். மேலே புதிதாகப் பதிந்த பகுதி திரும்பாது.

இனி கார்டுக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள். நாள், மண்டபம், கேமரா, கார்டு எண் ஆகிய நான்கும் ஃபோல்டரின் பெயரில் இருக்கட்டும். எண்ணைத் தொடரச் செய்யும் வசதி உங்கள் கேமராவின் மெனுவில் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் நகல் எடுத்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய கேமராவில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு ஜோடியைப் படமெடுத்தேன். விண்டோஸில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒலி மட்டும் வருகிறது, படம் வரவில்லை.
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் 10 பிட், 4:2:2 என்ற, நிற விவரம் கூடுதலாக உள்ள தரத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எச்.264, எச்.265 ஆகிய வீடியோ சுருக்க முறைகளில் அந்தத் தரத்தை விண்டோஸ் இலவசப் பதிப்பு காட்டுவதில்லை, கோப்பு கெட்டுப்போகவில்லை. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளால் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் என்ற எடிட்டிங்குக்கான வடிவத்துக்கு மாற்றினால் 10 பிட் தரம் குறையாமல் ரிசால்வில் திறக்கலாம். கோப்பின் அளவு பல மடங்கு பெருகும் என்பதால் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். நிறத்தை அதிகம் மாற்றப்போவதில்லை என்றால் அடுத்த முறை 8 பிட் 4:2:0 போதும்.

கேள்வி: 64 ஜிபி கார்டைப் பழைய கார்டு ரீடரில் போட்டால், ஃபார்மட் செய்யட்டுமா என்று கணினி கேட்கிறது.
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்டவை எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள். எஸ்டிஎச்சி காலத்து ரீடர்களில் பலவற்றுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. கடற்கரையில் எடுத்துவிட்டு வந்திருந்தால், கார்டின் பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் புதிய ரீடரில் போட்டுப் பாருங்கள். புதிய ரீடர் கைக்கு வரும் வரை, கார்டைக் கேமராவிலேயே வைத்து, கேமராவை யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து நகலெடுத்துக்கொள்ளலாம். மெதுவாகத்தான் நடக்கும், அதற்குள் கேமரா அணைந்துவிடாதபடி பேட்டரியை முழுவதும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.