பிளாக்கைப் புதுப்பிக்கிறீர்களா? பழைய லிங்க்கை உடைக்காதீர்கள்

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். பத்து வருடமாக எங்களுக்கு வேர்ட்பிரஸ்ஸில் ஒரு பிளாக் இருக்கிறது. சுமார் 300 பதிவுகள், பாதி தமிழ், பாதி ஆங்கிலம். அதைப் புதிதாக வடிவமைக்கச் சொல்லி எம்.டி. உத்தரவு போட்டுவிட்டார். ஓர் ஏஜென்சி, தங்கள் சொந்த மென்பொருளுக்கு மாற்றிவிடலாம், பழைய பதிவுகள் பாரம், அவற்றைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறது. கூகுள் வழியாக வருகிறவர்கள் போய்விடுவார்களா? இன்னொன்று, எங்கள் சர்வீஸ் இன்ஜினியர்கள்தான் முன்பு எழுதினார்கள், இப்போது யாரும் எழுதுவதில்லை. படிப்பவர், எழுதுபவர் இரண்டு பேருக்கும் வசதியாக எப்படிச் செய்வது?

பதில்: லிங்க் மாறினால் போய்விடுவார்கள், மாறாவிட்டால் பெரும்பாலும் இருப்பார்கள். பதிவுகள் அப்படியே இருக்கும்போது நிறத்தையும் முகப்பையும் மாற்றுவதால் பெரிய சேதம் வராது. முகவரி மாறிய பதிவு மட்டும் கூகுளுக்கு வேறு பக்கம். கூகுளை விடுங்கள், உங்கள் டீலர்கள் வாட்ஸ்அப்பில் விவசாயிகளுக்கு அனுப்பி வைத்திருக்கிற லிங்க்குகள் இருக்கின்றன, அவற்றைத் தட்டுகிறவருக்கு ‘பக்கம் இல்லை’ என்று வந்தால் அவர் உங்களுக்குப் புகார் எழுத மாட்டார், பக்கத்து கம்பெனி நம்பரைத் தேடுவார்.

அதனால் ஏஜென்சியோடு அடுத்த மீட்டிங் போடுவதற்கு முன் கூகுள் தேடல் வழியாக உங்கள் தளத்துக்கு வருகிறவர்களைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, கடந்த 16 மாதத்தில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற பட்டியலை இறக்கி வையுங்கள். அது 16 மாதத்துக்கு மேல் வைத்திருக்காது, ஒரு தடவைக்கு 1000 வரிக்கு மேல் தராது, உங்கள் 300 பதிவுக்கு அது போதும். அந்தப் பட்டியலின் மேல் பாதியில் எம்.டி. விருது வாங்கிய செய்தி இருக்காது. ‘மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை’, ‘லோ வோல்டேஜில் காயில் ஏன் கருகுகிறது’ என்று யாரோ ஓர் இன்ஜினியர் எப்போதோ எழுதியதுதான் இருக்கும். ஏஜென்சி பாரம் என்று சொல்வது இவற்றையும் சேர்த்துத்தான்.

முகவரி மாறியே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு நேரான புதிய முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். டெவலப்பரிடம் ‘301 ரீடைரக்ட், ஒன்றுக்கு ஒன்று’ என்று சொன்னால் புரியும். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள், அதை ஏற்காதீர்கள். சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதைப் பக்கம் இல்லாத கணக்கில்தான் வைக்கும். இந்தத் திருப்பலைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எப்போதும் எடுக்காதீர்கள் என்பேன், அதற்கு ஒரு செலவும் இல்லை.

தமிழ்ப் பதிவுகளில் ஒரு தனித் தொல்லை உண்டு. தலைப்பு தமிழில் இருந்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே போட்டுவிடும், காப்பி செய்து ஒட்டினால் அது சதவீதக் குறிகளின் நீண்ட வரிசையாக மாறும். ‘மோட்டார்’ என்ற ஒரு சொல்லுக்கே 72 குறிகள் ஆகும், இடமோ 200 குறிகளுக்குத்தான், நீளமான தலைப்பின் முகவரி பாதியில் வெட்டுப்படும். இனிமேல் எழுதுகிற பதிவுகளுக்கு முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் நாலைந்து சொல்லில் சுருக்கமாகக் கொடுங்கள். ஆனால் பழையவை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் தொடாதீர்கள், ‘சுத்தம் செய்கிறோம்’ என்று ஏஜென்சி கிளம்பினால் நிறுத்துங்கள்.

எந்தப் பழைய பதிவையும் அழிக்கக் கூடாதா என்றால், ஒரு வகை உண்டு: ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் வாழ்த்துகள், முடிந்துபோன கண்காட்சி ஸ்டால் அறிவிப்புகள். இவற்றைத் தாராளமாக எடுக்கலாம், எங்கேயும் திருப்பிவிட வேண்டாம், ‘நிரந்தரமாக நீக்கப்பட்டது’ என்று சொல்கிற 410 பதில் போதும். ஆனால் இதிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. ‘கரூரில் புதிய ஷோரூம் திறப்பு’ என்று ஒரு பதிவு இருக்கும், ரிப்பன் வெட்டும் படம் இருக்கும், பார்த்தால் வாழ்த்து வகை போலத்தான் தெரியும், ஆனால் அதன் கடைசி வரியில் டீலரின் முகவரியும் போன் நம்பரும் இருக்கும், கரூர்க்காரர் ஒருவர் உங்கள் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடும்போது வந்து நிற்பது அந்தப் பக்கத்தில்தான். அந்த விவரத்தை டீலர் பட்டியல் பக்கத்துக்கு எடுத்துப் போய், பழைய முகவரியை அங்கே திருப்புங்கள். டீலர் மாறியிருந்தால் புதியவர் விவரத்தைப் போட்டுவிட்டுத் திருப்புங்கள். அந்த ஊரில் இப்போது டீலரே இல்லை என்றால், பக்கத்து ஊர் சர்வீஸ் சென்டரைப் போடுங்கள். அதேபோல், தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடல் பற்றிய பதிவையும் எடுக்கக் கூடாது. கம்பெனி மறந்த மாடல் ஏதோ ஒரு கிணற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு எந்த கெப்பாசிட்டர், எந்த இம்பெல்லர் என்று தேடுகிறவருக்கு உங்களைத் தவிர யாராலும் பதில் சொல்ல முடியாது. மேலே ஒரு வரி சேருங்கள்: இந்த மாடல் இப்போது வருவதில்லை, உதிரி பாகம் இங்கே கிடைக்கும்.

சரி, ஏஜென்சி விஷயம். இது எனக்கு ஆற்றாமையான இடம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் டொமைன், அதாவது தளத்தின் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? இன்றைக்கே பாருங்கள். உங்கள் கம்பெனி கட்டணம் கட்டியது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை, பதிவேட்டில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதுதான் பேச்சு. பத்து வருடத்துக்கு முன் ‘எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் சார்’ என்று சொன்ன ஆள், தன் பெயரிலும் தன் ஜிமெயிலிலும் பதிந்து வைத்திருப்பார். டாட்காம் முகவரியை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டைக் கேட்டால் ஐந்து நாளுக்குள் பதிவு நிறுவனம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் யார் கேட்டால்? பதிவான உரிமையாளர் கேட்டால். அது நீங்கள் இல்லை என்றால் அந்த விதியால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. டாட் இன் முகவரியாக இருந்தால், அந்தப் பெயர்களை நிர்வகிக்கிற நிக்சியிடம் புகார் கொடுத்து, கட்டணம் கட்டி, நடுவர் முன் வாதாடித்தான் சொந்தப் பெயரை மீட்க வேண்டும். தன் பெயரைத் தன்னுடையது என்று நிரூபிக்க ஒரு கம்பெனி பணம் கட்டிக் காத்திருக்க வேண்டிய நிலை எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. ஆகவே வேலை உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டொமைன், தளம் குடியிருக்கிற ஹோஸ்டிங், சர்ச் கன்சோல், வருகையைக் கணக்கிடுகிற அனலிடிக்ஸ் நான்கும் கம்பெனி பெயரில், கம்பெனி ஈமெயிலில் இருக்கட்டும். தனிப்பட்ட ஊழியரின் ஈமெயில் கூட வேண்டாம். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அவர்களுடைய சொந்த மென்பொருள். வேண்டாம் என்பதுதான் என் பதில். நாளைக்குப் பிரிந்தால் உங்கள் பதிவுகளை எந்த வடிவத்தில் தருவார்கள் என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், பதில் வளைந்து நெளிந்து வரும். வேர்ட்பிரஸ்ஸிலேயே இருந்தாலும் ஒரு கண்ணி உண்டு: ‘எக்ஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டோம்’ என்று ஒரு கோப்பைத் தருவார்கள், அதில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். பழைய ஹோஸ்டிங்கை நிறுத்திவிட்டால் அத்தனை படமும் போச்சு. எழுத்து இருக்கும் டேட்டாபேஸ், படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டர் இரண்டின் முழு நகலும் உங்கள் கையில் வந்த பிறகுதான் பழையதை மூட வேண்டும்.

ஒப்பந்தத்தில் காப்புரிமையையும் எழுதுங்கள். உங்கள் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது கம்பெனிக்குச் சொந்தம். வெளியாள் எழுதிய பதிவும் நிரலும், எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராதவரை பொதுவாக அவருடையதே. 1957 காப்புரிமைச் சட்டத்தின்படி அந்த மாற்றத்துக்குக் கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கணக்கு, ஆகவே முழுக் காலத்துக்கும் என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

கூகுளில் முதலிடத்துக்கு கேரன்டி என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள், அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அப்புறம், புதிய தளம் தயாராகும்போது ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்’ என்ற பெட்டியை டிக் செய்து வைப்பார்கள், அது சரிதான். வெளியிடும் அன்று அதை எடுக்க மறந்துவிடுவார்கள். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில் இருக்கிறது, நீங்களே போய்ப் பாருங்கள்.

இனி எழுதுகிறவர்கள். உங்கள் இன்ஜினியர்கள் எழுதாததற்குச் சோம்பல் காரணமாக இருக்காது, கூப்பிட்டுக் கேளுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் அவர்களுக்கு ‘கான்ட்ரிபியூட்டர்’ அனுமதி கொடுத்திருப்பீர்கள். அந்த அனுமதியில் எழுதலாம், படம் ஏற்ற முடியாது. கருகிய வைண்டிங்கின் படம் போனில் வைத்திருக்கிற மனிதர், அதைப் போட வழியில்லாமல் மெயிலில் உங்களுக்கு அனுப்பி, நீங்கள் ஐ.டி.க்கு அனுப்பி, அங்கே அது கிடந்து, அவர் வெறுத்துப்போயிருப்பார். படம் ஏற்றும் அனுமதியை மட்டும் சேர்த்துக் கொடுப்பது டெவலப்பருக்குச் சின்ன வேலை. வெளியிடும் பொறுப்பு உங்களிடமே இருக்கட்டும்.

எழுதும் திரையையும் மாற்றுங்கள், முகப்பைவிட எனக்கு இதுதான் முக்கியம். வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டி எழுது என்றால் சர்வீஸ் ஆள் என்ன செய்வார்? ஐந்து பெட்டி போதும்: வாடிக்கையாளர் சொன்ன புகார் அவர் வாய்மொழியிலேயே, போய்ப் பார்த்தபோது இருந்த நிலை, காரணம், விவசாயி தானே பார்க்கக்கூடியது எது, தொடவே கூடாதது எது. த்ரீ பேஸ் லைன் இருக்கும்போது ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது போன்ற எச்சரிக்கை அந்தக் கடைசிப் பெட்டியில் தானாக வந்துவிடும், வாடிக்கையாளர் சொன்ன வாக்கியமே நல்ல தலைப்பாகவும் அமைந்துவிடும், ஏனென்றால் அவர்கள் தேடுவதும் அதே வார்த்தையில்தான். போனில் தமிழில் பேசினாலே டைப் ஆகிறது, அதைச் சொல்லிக் கொடுங்கள், பிழையை நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

ஒப்புதல் இரண்டு பேரோடு நிற்கட்டும். தொழில்நுட்பம் சரியா என்று ஒருவர், மொழி சரியா என்று ஒருவர். மூன்று வேலை நாளில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் வெளியாகும் என்று எம்.டி.யிடம் எழுத்தில் வாங்குங்கள். ஃபுட் வால்வ் பற்றிய ஒரு பக்கப் பதிவு ஐந்து மேஜை ஏறி இறங்குகிற கம்பெனியில் எந்த வடிவமைப்பும் எடுபடாது. பதிவின் கீழ் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும், ‘அட்மின்’ என்று போடாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போகும்போது ஹெச்.ஆர். சொன்னார்கள் என்று ஐ.டி. அவர் கணக்கை அழிக்கும், அப்போது பதிவுகளையும் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று ஒரு கேள்வி வரும், அவசரத்தில் முதலாவதைத் தட்டினால் அவர் எழுதிய அத்தனையும் போய்விடும். கணக்கை அழிக்கவே வேண்டாம், பாஸ்வேர்டை மாற்றி அனுமதியைக் குறைத்தால் போதும்.

படிப்பவருக்குச் செய்ய வேண்டியது குறைவு. போனில்தான் படிக்கிறார்கள், அதனால் வடிவத்தை முதலில் போனில் காட்டச் சொல்லி ஒப்புதல் கொடுங்கள். மாதிரிப் பக்கத்தில் ஆங்கில நிரப்பு எழுத்தைப் போட்டுக் காட்டினால் திருப்பி அனுப்புங்கள், உங்கள் நீளமான தமிழ்த் தலைப்பைப் போட்டுக் காட்டட்டும், அப்போதுதான் எங்கே உடைகிறது என்று தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம்தான், தடித்த எழுத்தும் இருக்கிறது. வரிகளுக்கு இடையில் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடம் விடுங்கள், இரண்டு ஓரமும் சமமாக இழுக்காதீர்கள், தமிழ்ச் சொல் நீளம், நடுவில் ஓட்டை விழும். பழைய பதிவுகளில் பாமினி எழுத்துருவில் அடித்தவை இருந்தால் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கூகுளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு, முகப்பில் ஓடுகிற பெரிய படங்களை எடுத்தாலே பாதி தூரம் வந்துவிடுவீர்கள்.

வெளியிடும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிங்க் எல்லாம் சரியாகச் செய்தாலும் கூகுள் புதிய தளத்தை முழுக்கப் படித்து முடிக்கச் சில வாரம் ஆகும், அந்த நாட்களில் வருகை ஏறி இறங்கும். மார்ச் முதல் மே வரை, தண்ணீர் மட்டம் இறங்கி எல்லோரும் மோட்டாரைத் தேடுகிற சீசனில், அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை சமயத்தில், வாரத் தொடக்கத்தில், டெவலப்பர் கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு நாளில் மாற்றுங்கள். நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும் என்று ஏஜென்சி மார்ச்சில் அவசரப்படுத்தும். பில்லை வாங்கிக்கொள்ளுங்கள், தளத்தை மாற்றாதீர்கள்.