குடத்துக்குள் யார் வைத்தது?

கேள்வி: 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்', 'வெள்ளி விழா' என்று எத்தனையோ நல்ல பாடல்களைத் தந்த இசையமைப்பாளர் வி. குமார் கடைசிவரை குடத்திலிட்ட விளக்காகவே இருந்துவிட்டாரே, ஏன்?
(ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: குமாரைப் பற்றி அப்புறம் பேசுவோம் அம்மா. முதலில் அந்தக் குடத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

வருடக்கணக்கில் இந்தக் குடத்தோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். நாதஸ்வரக்காரரோ, கவிஞரோ, கபடி வீரரோ, அவ்வளவாக வெளியில் தெரியாத யாரைப் பற்றிக் கட்டுரை வந்தாலும் மூன்றாவது வரியில் குடம் வந்துவிடும். உள்ளே விளக்கு எரியும். ஒரு இதழில் மூன்று கட்டுரை, மூன்று குடம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெரு மாதிரி இருந்தது பத்திரிகை. பொறுக்க முடியாமல் பிழைதிருத்துபவரைக் கூப்பிட்டு, "இனிமேல் குடம் என்று எங்கே வந்தாலும் வெட்டு" என்றேன். அடுத்த இதழில் தஞ்சாவூர் ஆறுகளைப் பற்றி ஒரு கட்டுரை. குடமுருட்டியைக் காணோம். அந்த ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்களை இன்னும் ஒரு கட்டாக வைத்திருக்கிறேன்.

என் சந்தேகம் சாதாரணமானது. விளக்கை ஏற்றி அதைக் குடத்துக்குள் வைக்கிறவர் யார்? எந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம்? ஒரு கார்த்திகை அன்று நானே செய்து பார்த்தேன். எவர்சில்வர் குடத்தின் வாய்க்குள் எரிகிற அகலோடு கையை விடுவது எளிதல்ல. மணிக்கட்டு வரை போயிற்று, சுட்டது, பாதி எண்ணெய் கொட்டிற்று. ஒரு வழியாக உட்கார்ந்த விளக்கு கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அணைந்தது. குடத்தின் உள்பக்கம் முழுக்கக் கரி. தேய்க்க உள்ளே கை போகவில்லை. "பத்திரிகை நடத்துறவருக்கு வீட்ல இருக்குற ஒரே நல்ல குடம்தானா கிடைச்சுது?" என்று கேட்டவருக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் அணைவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணாந்தால் மேலே தளத்தில் ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு வெளிச்சம்.

சரி, குமாருக்கு வருவோம். அவர் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. 1969இல் முக்தா சீனிவாசன் சிவாஜியை வைத்து ஒரு படம் எடுத்தார். இசை வி. குமார். படத்தின் பெயர் 'நிறைகுடம்'. அதில் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடும் டூயட், 'விளக்கே நீ கொண்ட ஒளி நானே'. ஆக, குடத்துக்குள் விளக்கை வைத்தது வேறு யாருமல்ல, குமாரேதான்! தெரிந்தே எழுதினீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு வருடச் சந்தா இலவசம். தெரியாமல் எழுதினீர்கள் என்றால் ஆறு மாதம்.

குமார் நாடக மேடையிலிருந்து வந்தவர். இயக்குநர் பாலசந்தர் ஏஜி ஆபீசில் (அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம்) உத்தியோகம் பார்த்தபடி நாடகம் போட்டுக்கொண்டிருந்த நாளிலேயே அவருக்கு இசையமைத்தவர். 1965இல் 'நீர்க்குமிழி'யைப் பாலசந்தர் படமாக எடுத்தபோது கூடவே வந்தார். வந்த முதல் படத்திலேயே சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் 'ஆடி அடங்கும் வாழ்க்கையடா'. சுரதா எழுதியது. புது இசையமைப்பாளர் காதல் பாட்டோடு வீடு தேடி வருவார்; இவர் சாவு வீட்டுப் பாட்டோடு வந்தார். இன்றைக்கும் எத்தனையோ தெருக்களில் பந்தல் போட்டதும் அதைத்தான் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் இசை யார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

சபா நாடகத்தில் வாத்தியக்காரருக்கு ஒரே ஒரு விதி. வசனத்தின்மேல் ஏறக் கூடாது. வசனம் முடிகிற இடத்தில் நுழைந்து, அடுத்த வசனத்துக்கு முன்னால் நகர்ந்துகொள்ள வேண்டும். சினிமாவுக்கு வந்த பிறகும் குமார் அதை விடவில்லை என்பது என் கட்சி. 'எதிர்நீச்சல்' படத்தின் 'அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா'வை இன்னொரு முறை கேளுங்கள். அது பாட்டா? ஒண்டுக்குடித்தனத்தில் பட்டு மாமி கிட்டு மாமாவிடம் குறைப்பட்டுக்கொள்கிறாள், அவர் சமாளிக்கிறார். பேச்சு எங்கே நின்று மெட்டு எங்கே ஆரம்பித்தது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. வாத்தியங்கள் அடுத்த போர்ஷனிலிருந்து ஒட்டுக்கேட்பது மாதிரி அடக்கமாக நிற்கும்.

இதற்குள் அந்தப் பழைய வாசகர் பேனாவைத் திறந்திருப்பார். முன்பே இந்தப் பக்கத்தில் அவரோடு ஒரு வழக்கு நடந்தது. "குமாரின் பாட்டெல்லாம் எம்.எஸ்.வி. சாயல்" என்பது அவர் வாதம். ஐயா, குரல் டி.எம்.எஸ்., சுசீலா. வரி பெரும்பாலும் வாலி. அதே சென்னை ஸ்டூடியோ, எல்லோருக்கும் வாசித்த அதே வாத்தியக்காரர்கள். சாயல் இல்லாமல் என்ன செய்யும்? அண்ணன் தம்பி ஒரே ஜாடை என்பதற்காகத் தம்பியின் ரேஷன் கார்டையும் அண்ணன் பெயரிலேயே எழுதிவிடுவீர்களா? எம்.எஸ்.வி.க்கே அப்படி ஒரு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. 1972இல் 'வெள்ளி விழா'வில், குமார் போட்ட மெட்டுக்கு வந்து 'உனக்கென்ன குறைச்சல்' என்று பாடிவிட்டுப் போனார். அப்போது கோடம்பாக்கத்தின் உச்சியில் இருந்தவர் அவர். அதே படத்தில்தான், 'பணமா பாசமா'வில் எலந்தப்பழம் விற்ற எல்.ஆர். ஈஸ்வரியை 'காதோடுதான் நான் பாடுவேன்' என்று கிசுகிசுக்க வைத்தார் குமார். காதோடு பாடுகிற பாட்டுக்கு எதற்கம்மா குன்றும் உச்சியும்?

பெயர் சமாச்சாரம் ஒன்று பாக்கி இருக்கிறது. 1966இல் 'மேஜர் சந்திரகாந்த்'. இசை குமார். அந்தப் படத்தோடு, மேஜராக நடித்த சுந்தரராஜன் ஆயுசுக்கும் 'மேஜர்' ஆகிவிட்டார். ராணுவத்தில்கூட அவ்வளவு நாள் ஒரே பதவியில் வைத்திருக்க மாட்டார்கள். கதையில் மேஜருக்கு இரண்டு மகன்கள்: ஸ்ரீகாந்த், ரஜினிகாந்த். இரண்டாவது பெயரைத்தான் பாலசந்தர் பிற்பாடு சிவாஜி ராவ் என்கிற இளைஞருக்கு வைத்தார். ஒரே படத்திலிருந்து ஒருவருக்குப் பட்டம், ஒருவருக்குப் பெயர். இசையமைத்தவருக்கு, இருந்த பெயரும் நிற்கவில்லை. வேடிக்கை இதோடு முடியவில்லை. 1978இல் துரை இயக்கிய 'சதுரங்கம்'. நடித்தவர்கள் ஸ்ரீகாந்தும் ரஜினிகாந்தும். பன்னிரண்டு வருடம் கழித்து மேஜரின் மகன்கள் வீடு திரும்பியது மாதிரி! இசை அதே குமார். எஸ்.பி.பி.யும் வாணி ஜெயராமும் பாடிய 'மதனோற்சவம்' அதில்தான். 'இரு கோடுகள்' படத்தில் குமார் மெட்டமைத்த 'புன்னகை மன்னன்' என்ற இரண்டு சொல், பதினேழு வருடம் கழித்து பாலசந்தரின் படத்துக்கே பெயரானது. அதற்கு இசை இளையராஜா.

உங்கள் 'ஏன்'? 1968இல் பாலசந்தருக்கு 'எதிர்நீச்சல்' குமார், 'தாமரை நெஞ்சம்' எம்.எஸ்.வி. 1969இல் 'இரு கோடுகள்' குமார், 'பூவா தலையா' எம்.எஸ்.வி. இப்படி மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. 1973இல் 'அரங்கேற்றம்' குமார் செய்தார். அதற்கப்புறம் பாலசந்தரிடம் எம்.எஸ்.வி. நிலைத்துவிட்டார். 1976இல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது. நடுவில் குமார் 'தேன் சிந்துதே வானம்' படத்தில் ஜேசுதாஸை 'உன்னிடம் மயங்குகிறேன்' பாட வைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு அவ்வளவுதான். சதி எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சதியைத் தேடுகிறவர்கள் பாட்டைத் தேடியிருந்தால் இன்னும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரிகளின்மேல் எனக்கு இருக்கும் கடுப்பு உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், அவர் "ஆமாம், சாப்பிட்டாச்சு" என்பார். அப்படி ஒரு வரவேற்பில் மேடைக்காரர் 'கல்யாண சாப்பாடு போடவா' பாடப்போவதாக அறிவித்தார். 'மேஜர் சந்திரகாந்த்' பாட்டு. நாகேஷுக்காக டி.எம்.எஸ். பாடியது. படத்தில் நாகேஷின் தங்கைக்குக் கல்யாணமே நடக்காது, ஏமாற்றப்பட்டு உயிரை விடுகிறாள். அதையா மணமேடைக்கு முன்னால் பாடுவது என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்த குண்டு: "எம்.எஸ்.வி. இசையில்!"

பாக்கெட்டில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் 'வி. குமார்' என்று எழுதி, மேடை ஓரம் தபேலாக்காரர் கையில் கொடுத்தேன். அவர் கீபோர்டுக்காரரிடம் கொடுத்தார். அது மெதுவாக மைக்குக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் சீட்டைப் பிரித்தார். அப்பாடா, ஒரு மண்டபத்திலாவது அந்தப் பெயர் ஒலிக்கப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர் திரு. வி. குமார்! அவருக்கு மணமக்கள் சார்பாக நன்றி!"

நல்ல கைதட்டல். தபேலாக்காரர் என்னைக் கைகாட்ட, பெண்ணின் அப்பா வேகமாக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "குமார் சார், சாப்பிடாமப் போயிடாதீங்க" என்று பந்தி வரை கூட்டிப்போய் உட்கார வைத்து, பரிமாறுகிறவரிடம் "சாரைக் கவனிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறுத்துப் பேசவில்லை. குமாரின் பெயரில் இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டேன்.