சென்னையிலிருந்து கப்பலில் அனுப்பிய சரக்கு தொலைந்தால் ஷிப்பிங் லைன் முழு விலையையும் தருமா?

பெரும்பாலும் தராது. இன்வாய்ஸில் என்ன விலை போட்டிருந்தாலும், லைனின் பொறுப்பு பேக்கேஜுக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது தொலைந்த சரக்கின் மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்.; இரண்டில் எது அதிகமோ அதுவரைதான். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ரூபாய் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும்.

பலர் கோட்டை விடுவது பில் ஆஃப் லேடிங்கில், அதாவது சரக்கை ஏற்றியதற்கு லைன் தரும் ரசீதில். ஆம்பூர் ஷூ 400 பெட்டி ஏற்றிவிட்டு, பில்லில் வெறும் ‘1 கன்டெய்னர்’ என்று போட்டால் கன்டெய்னரே ஒரு பேக்கேஜ் ஆகிவிடும். தலா 20 கிலோவில் 10 பெட்டி காணாமல் போனால் உச்சவரம்பு 666.67 எஸ்.டி.ஆர்.தான். ‘400 அட்டைப்பெட்டி’ என்று இருந்தால் 6,666.70. டிராஃப்ட் பில் வரும்போதே இதைப் பாருங்கள். சரக்கின் மதிப்பை பில்லில் அறிவித்தால் இந்த வரம்பு பொருந்தாது. ஆனால் லைன் கூடுதல் கட்டணம் கேட்கும், அதனால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

சேதத்தை டெலிவரி எடுக்கும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும். வெளியே தெரியாத சேதம் என்றால் 3 நாளுக்குள். வழக்குப் போட 1 வருடம்தான் கெடு. ஃபார்வர்டர் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) ‘பார்க்கிறோம் சார்’ என்று மெயில் போடுவதால் அந்தக் கெடு நிற்காது, நீட்டிப்பை லைனிடமே எழுத்தில் வாங்குங்கள். கப்பலை ஓட்டுவதில் மாலுமி செய்யும் பிழைக்கு லைன் பொறுப்பே ஏற்காது. அங்கே மரைன் இன்ஷூரன்ஸ்தான் கைகொடுக்கும்.