நாபோத்தின் திராட்சைத் தோட்டம்

அன்புள்ள ஐயா,

எதிர்வீட்டைப் பார்த்து ஏங்குவதே, பிறன் பொருளை இச்சிக்கக் கூடாது என்ற பைபிளின் பத்தாம் கட்டளையை மீறுவதாகும் என்றார் எங்கள் போதகர். வாடகை வீட்டில் வாழும் எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. 'இச்சியாதிருப்பாயாக' என்ற இடத்தில் உள்ள எபிரேயச் சொல் 'ஹாமத்' என்கிறார்கள். அதற்கு மனத்தின் ஆசை என்று மட்டும்தான் பொருளா? நம் 'காமம்' அதிலிருந்து வந்ததா? புத்தர் சொன்ன ஆசையும் இதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காமம் வடசொல், எபிரேயத்தோடு உறவில்லாதது. ஓசை ஒத்திருப்பதை வைத்துச் சொற்களுக்குச் சம்பந்தம் பேசும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். புத்தரை இதற்குள் இழுக்க வேண்டாம்.

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். ஏதேனில் கடவுள் முளைப்பித்த மரங்களின் அழகைச் சொல்வதும் ஹாமத் என்ற வேர்தான். 68ஆம் சங்கீதத்தில் கடவுளே ஒரு மலையைத் தமக்கு உறைவிடமாக விரும்புகிறார்; அங்கும் அதே சொல். விருப்பத்தைக் குற்றமாக்கும் சொல் அல்ல அது. ஆனால் எரிகோவின் கொள்ளைப் பொருளில் திருடிய ஆகான் 'இச்சித்து எடுத்துக்கொண்டேன்' என்கிறான். வயல்களை இச்சித்துப் பறிப்பவர்களைத் தீர்க்கதரிசி மீகா சபிக்கிறார். இரண்டிலும் கண்ணுக்குப் பின்னாலேயே கை போகிறது.

இதே கட்டளை மறுபடி சொல்லப்படும் உபாகமத்தில், பிறன் வீட்டைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ஹாமத்துக்குப் பதில் வேறு வினை வருகிறதே, அது மனத்தைப் பற்றியதுதானே என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் அதற்கும் எல்லை வகுத்தார்: பிறன் பொருளை எப்படி அடையலாம் என்று உள்ளத்தில் வழி தேடும்போதுதான் அந்தக் கட்டளை மீறப்படுகிறது. நீங்கள் வழி தேடினீர்களா? வீடு வேண்டும் என்று ஏங்கினீர்கள், அவ்வளவுதான்.

ஹாமத்துக்கு அவர் தரும் விளக்கத்தை ஒவ்வொரு சபையிலும் உரக்கப் படிக்க வேண்டும். விற்க மனமில்லாதவனிடம் நண்பர்களை அனுப்பி, நச்சரித்து, நெருக்கி வாங்கினால், பெரும் விலை கொடுத்திருந்தாலும் கட்டளையை மீறியவனே! பணம் கொடுத்தேனே என்ற வாதம் அங்கே எடுபடாது. இஸ்ரவேல் அரசன் ஆகாபும், திராட்சைத் தோட்டம் வைத்திருந்த நாபோத்திடம் முதலில் நியாயமாகத்தான் பேசினான்: இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் விலை தருகிறேன். முன்னோரின் சொத்தைத் தர மாட்டேன் என்றான் நாபோத். அரசன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அரசி அவன் முத்திரையிட்டுக் கடிதங்கள் அனுப்பினாள். இரண்டு பொய்ச்சாட்சிகள் வந்தார்கள். நாபோத் கல்லெறியுண்டு செத்தான். அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு கீரைக்கொல்லை வேண்டும் என்பதற்காக!

நிலம் வைத்திருப்பவனை நெருக்கும் கைகளைப் பற்றிய கட்டளையை, வீடில்லாதவரின் ஏக்கத்தின்மேல் சுமத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் போதகரிடம் நாபோத்தின் கதை வரும் 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கச் சொல்லுங்கள், முன்வரிசையில் இருப்பவர்களைப் பார்த்து.