முழுசாகக் குணமாகட்டும் என்றால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு வயது 34. கல்லூரி முடிக்கும் நேரத்தில் மனச்சிதைவு என்று கண்டறிந்தார்கள். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். சில வருடங்களாக மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வரவில்லை. இப்போது வேலைக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. முழுசாகக் குணமாகட்டும், அப்பா அம்மா இருக்கும்வரை அவனுக்கு என்ன குறை என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஒருவேளை அனுப்பினால், நேர்முகத் தேர்வில் நோயைச் சொல்வதா, மறைப்பதா? தியானம், எழுத்துப் பயிற்சி போன்றவை அவனுக்கு உதவுமா?

க.

அன்புள்ள க.,

நோய், மருந்து பற்றிய கடிதங்களுக்குப் பொதுவாக நான் பதில் எழுதுவதில்லை. நான் மருத்துவன் இல்லை. ஆனால் கடும் மனநோய் உள்ளவர்கள் எப்படித் தெருவுக்கு வந்து சேர்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே வாசித்துக்கொண்டிருக்கிறேன். 'அப்பா அம்மா இருக்கும்வரை' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தியானத்தை விடுங்கள். எழுதுவது அவருக்குப் பிடித்தால் எழுதட்டும். நோயைச் சொல்வதா மறைப்பதா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

முழுசாகக் குணமாகட்டும் என்கிறீர்களே, அந்த நாள் எப்படி இருக்கும்? யார் வந்து அறிவிப்பார்கள்? நீங்கள் விவரித்திருக்கும் உங்கள் தம்பி மருந்தைத் தவறாமல் எடுக்கிறார், நெடுநாளாக மருத்துவமனைக்குப் போகவில்லை, வேலை வேண்டும் என்று தானே வாய்விட்டுக் கேட்கிறார். இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும் உங்களுக்கு? இந்த நோயில் பலருக்கும் கேட்கும், வேறு யாருக்கும் கேட்காத குரல்கள் ஒன்றுகூடக் கேட்கக் கூடாதா? அப்படி ஒரு நிபந்தனை வைத்தால் பலருக்கு வாழ்நாள் முழுக்கக் காத்திருப்புதான். குரல்களோடு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேலையை அதிகம் பாதிப்பது பெரும்பாலும் கவனம், நினைவு, வேகம் இவற்றில் வரும் சிக்கல்தான். அதற்கு ஏற்ற வேலையும் ஏற்ற நேரமும் தேடலாம். அறைக்குள் உட்கார்ந்திருந்தால் அது சரியாகிவிடப் போவதில்லை.

உங்கள் வீட்டாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், பெரிய நிபுணர்களும் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தார்கள். முதலில் பயிற்சிக் கூடம். அங்கே உறை ஒட்டு, பொட்டலம் கட்டு. ஒழுங்காகச் செய்தால் அடுத்த படி, அதற்கும் அடுத்த படி, அதன் பிறகு நிஜமான வேலை. பலர் உறை ஒட்டும் இடத்திலேயே வயதானார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். வேலை வேண்டும் என்கிறாரா? அந்த ஒரு தகுதி போதும். நோயின் கடுமையைப் பார்த்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சில வாரங்களுக்குள் தேடல் தொடங்க வேண்டும், அதுவும் மற்றவர்கள் பார்க்கும் அதே சந்தை வேலையை, அதே சம்பளத்துக்கு. பயிற்சியெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு, அந்த வேலைக்கு என்ன தேவையோ அது மட்டும். வேலை தேடித் தருபவர் சிகிச்சைக் குழுவிலேயே ஒருவராக இருப்பார், வேலை கிடைத்ததும் கைகழுவிவிட மாட்டார்.

இதை ஐரோப்பாவில் லண்டன், ஊல்ம், ரிமினி, சூரிச், க்ரோனிங்கன், சோஃபியா ஆகிய 6 நகரங்களில் 312 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. இந்த முறையில் போனவர்களில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள், பழைய பயிற்சி முறையில் 28 சதவீதம். ஒரு நாளாவது வேலை பார்த்தவர்களையும் சேர்த்த கணக்கு இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் வேலையால் வாழ்க்கை மாறிவிடாது, சரி. ஆனால் 'வேலைக்குப் போனால் மறுபடி முற்றிவிடும்' என்று பயப்படுகிறீர்கள் இல்லையா? மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் பழைய முறையில்தான் அதிகம்.

சரி, எண்கள் போதும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் இருந்தார். உங்கள் தம்பிக்கு உள்ள அதே நோய். இரவு மாத்திரையின் மந்தம் விடிந்து வெகுநேரம்வரை அவரை விடாது. எங்கள் பொறுப்பாசிரியர் கறாரான அம்மா. அவர் இரக்கத்தோடெல்லாம் பேசிப் பார்த்ததில்லை. ஆனால் மெய்ப்புத் திருத்துநரைப் பதினொரு மணிக்கு வரச் சொன்னார். சுவரை ஒட்டிய மேசையைக் கொடுத்தார். மூன்று வேலைகளைச் சேர்த்து வாயால் சொன்னால் அவருக்குக் குழம்பிவிடும் என்பதால் ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுதி வைத்தார். அவர் முணுமுணுத்துக்கொண்டே படிப்பார். அப்படிப் படித்தால் குரல்கள் கொஞ்சம் அடங்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பொருளகராதியில் பக்க எண் பிசகியிருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. நாங்கள் யாரும் பார்க்க விரும்பாத வேலை அது, அவர் ரசித்துப் பார்ப்பார்.

அந்த அம்மா ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் எல்லாரும் ஒன்பது மணிக்கு வர வேண்டும் என்றார், மேசைகளைக் கூடத்தின் நடுவில் போட்டார். மெய்ப்புத் திருத்துநர் தாமதமாக வந்தார், எச்சரிக்கப்பட்டார், பிறகு வரவில்லை. கவனியுங்கள், மருந்து நிற்கவில்லை, நோய் மாறவில்லை. சம்பளம் நின்றது. வாடகை பாக்கி விழுந்தது, அறை போனது. தூங்கிய இடத்தில் பையைத் தொலைத்தார். மருந்துச் சீட்டும் அடையாள ஆவணங்களும் அதில்தான் இருந்தன. மருந்து அதற்குப் பிறகுதான் நின்றது. தூக்கமில்லாமல், பயத்தோடு, வெளிச்சத்திலும் சத்தத்திலும் கிடந்தால் யாருக்குமே புத்தி தடுமாறும், அவருக்குக் கேட்கவா வேண்டும்? பார்த்தவர்கள் 'நோய் முற்றித் தெருவுக்கு வந்துவிட்டார்' என்றார்கள். தெருவுக்கு வந்ததால்தான் முற்றியது.

அவரை ஒரு தொண்டு அமைப்பு கண்டுபிடித்தது. மருந்து சாப்பிடுவதாகச் சத்தியம் செய்தால் அறை தருகிறோம் என்று சொல்லாமல், முதலில் சாவியைக் கொடுத்தார்கள். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த வழி இது. கூரையைச் சிகிச்சைக்குப் பரிசாக வைக்காதே, முதலில் கூரை, மற்றது பிறகு. கனடா 2009 முதல் 2013 வரை 5 நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் இதைச் செய்து பார்த்தது. கடைசி 6 மாதங்களில் முழு நேரமும் வீட்டில் இருந்தவர்கள், இந்த வழியில் 62 சதவீதம், வழக்கமான சேவைகளில் 31 சதவீதம். வீட்டைக் கொடுத்தால் நோய் மாயமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் மெய்ப்புத் திருத்துநரும் அறைக்குப் போன பிறகு ஒருமுறை மருத்துவமனைக்குப் போனார். ஆனால் அந்த அறையின் வாடகையை அமைப்பினர் கட்டிக்கொண்டே இருந்தார்கள். திரும்பி வந்தபோது அதே கதவு, அதே சாவி. பிற்பகலில் 4 மணி நேர வேலை ஒன்றைப் பிறகு பிடித்துக்கொண்டார்.

இப்போது உங்கள் அப்பா அம்மாவுக்கு வருகிறேன். அன்பானவர்கள், சந்தேகமில்லை. ஆனால் தங்களுக்குப் பிறகு என்ன என்று அவர்கள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா? வீடு யார் பெயரில் போகும்? தம்பி கையில் ஒரு வங்கிக் கணக்காவது இருக்கிறதா? அவருடைய மருத்துவரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெளி உலகில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேர் இருக்கிறார்களா? பத்துப் பதினைந்து வருடம் அறைக்குள் பத்திரமாக வைத்திருந்துவிட்டு, ஐம்பது வயதில், பெற்றோர் போன மறுநாள் உலகத்தோடு பழகச் சொல்லப் போகிறீர்களா? அன்றைக்கு 'அவனைப் பார்த்துக்கொள்வது யார்' என்று உடன்பிறந்தவர்கள் கூடிப் பேசுவீர்கள். கோபப்படாதீர்கள், அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்று உண்டு, உங்கள் பயத்தில் நியாயமான பகுதி. முழு நேர வேலை, இரவு முறை, கத்துகிற மேலாளர், இவையெல்லாம் அவரை உடைக்கலாம். சில மணி நேரத்தில் தொடங்குங்கள். உதவித்தொகை ஏதாவது வருகிறதென்றால் சம்பளம் வந்ததும் அது நிற்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள், பல நாடுகளில் இந்தப் பொறியில்தான் ஆட்கள் சிக்குகிறார்கள். முதல் வேலை நிலைக்காமல் போகலாம். உங்களுக்கு முதல் வேலை நிலைத்ததா?

நோயைச் சொல்வதா மறைப்பதா என்பது அவர் முடிவு. வேலை நேரத்தையோ மேசையையோ மாற்றித் தரக் கேட்க வேண்டுமென்றால், தேவையான அளவு சொல்லலாம். சொன்னால் எதிர்கொள்ள வேண்டியது என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர் இல்லாத இடத்தில் முடிவெடுக்காதீர்கள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. விரும்பிய வகை வேலை கிடைத்தவர்கள் அதில் அதிக நாள் நிலைக்கிறார்கள். இவ்வளவு நீளமாக எழுதிய நீங்கள், தம்பி என்ன வேலைக்குப் போக ஆசைப்படுகிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டீர்களா? கேட்டு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.