லே பயணம்: எந்த மாதம் என்பதைவிட, முதல் இரண்டு நாள்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து அப்பா, அம்மாவை வரவழைத்து, ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு லடாக்கில் உள்ள லே நகருக்குப் போக எண்ணம். அப்பாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கோடை விடுமுறை, ஆகஸ்ட் 15, நவராத்திரி விடுமுறை, இவற்றில் எது நல்லது? பனி பார்க்க டிசம்பர்தான் சரி என்கிறார் என் நாத்தனார். பாலைவனம் என்கிறார்கள், கடுங்குளிர் என்றும் சொல்கிறார்கள். எதற்குத் தயாராவது? அப்பா ஒரு வாரம் முன்னதாகத் தில்லிக்கு வந்து பழகிக்கொண்டால் போதுமா?

பதில்: அப்பாவைப் பற்றிய கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போதாது. தில்லியில் ஒரு மாதம் இருந்தாலும் போதாது. தில்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே ஏறத்தாழ 3,500 மீட்டர், அதாவது ஊட்டியைவிட 1,200 மீட்டருக்கும் அதிக உயரம். விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் உங்களை அங்கே இறக்கிவிடும். குளிர்காலத்தில் வந்தால் குளிருக்கு வேண்டுமானால் தில்லி பழக்கும், உயரத்துக்குப் பழக்காது.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பது குறைகிறது. இதில் பலர் ஏமாறுவது ஓர் இடத்தில். இறங்கியவுடன் எதுவும் தெரியாது. வெயில் பளிச்சென்று அடிக்கும், மலைகள் கூப்பிடும், உற்சாகமாகக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்கள். தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் ஆறு மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். இரவில் தூக்கம் வராது. உடற்பயிற்சி செய்து இறுகிய உடம்பு என்றாலும் விலக்கு இல்லை. வானிலைப் பணியில் இரண்டு குளிர்காலங்களை லேயில் கழித்த நான், வாட்டசாட்டமான இளைஞர்கள் முதல் நாளே மடமடவென்று மாடிப்படி ஏறிவிட்டு மாலையில் சுருண்டு படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் 48 மணி நேரம் விடுதியை விட்டு எங்கும் போகாதீர்கள். படுங்கள், பேசுங்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், மெதுவாக நடங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். கிளம்புவதற்கு முன் அப்பாவை அவருடைய மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். உயரம் ஏறும்போது ரத்த அழுத்தமும் கூடலாம் என்பதால் மாத்திரை அளவை அவர்தான் சொல்ல வேண்டும். உயர நோய்க்கு முன்காப்பாகத் தரும் அசெட்டாசோலமைடு மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை யாருக்காவது இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், தள்ளாடும் நடை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்ற மலை ஊர்களில் காரில் ஏறிக் கீழே இறங்கிவிடலாம். லேயிலிருந்து மணாலி, ஸ்ரீநகர் இரண்டு பக்கமும் சாலை லேயைவிட உயரமான கணவாய்களைத் தாண்டித்தான் போகிறது.

இனி பருவம். பாலைவனம், கடுங்குளிர் இரண்டுமே உண்மைதான். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, மலையைத் தாண்டித் தென்காசியில் சாரலாகி, தூத்துக்குடிப் பக்கம் வெறும் காற்றாக வீசுகிறது அல்லவா? அதே கதைதான், இன்னும் பெரிய அளவில். இமயமலை வரிசைகள் மேகத்தின் ஈரத்தையெல்லாம் தெற்குச் சரிவிலேயே பிழிந்துவிடுகின்றன. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. லேயில் 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஈரமும் மேகமும் இல்லாத வானம் பகலில் வெயிலை அப்படியே இறக்குகிறது, இரவில் தரையின் சூட்டை அப்படியே விட்டுவிடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் பகல் 25 டிகிரி, இரவு 10 டிகிரி அளவில் இருக்கும். ஜனவரி இரவுகள் சர்வசாதாரணமாக உறைநிலைக்குக் கீழே 15 டிகிரிக்குப் போகும்.

உங்கள் நாத்தனாரிடம் அன்போடு சொல்லுங்கள்: டிசம்பரில் லே நகரத்தில் அதிகம் கிடைப்பது பழுப்பு நிற மண்ணும் எலும்பைத் துளைக்கும் வறண்ட குளிரும்தான். மழையே அரிதான ஊரில் பனி மட்டும் எங்கிருந்து கொட்டும்? தில்லியில் ஜனவரித் தூறலைக் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறுகளே (குளிர்காலத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள்) அங்கே கொஞ்சம் பனி தூவிவிட்டுப் போகின்றன. பெரியவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த மாதம் வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்டையும் நான் தவிர்ப்பேன். மழை மறைவுப் பகுதி என்பதற்காக மழையே வராது என்று பொருளில்லை. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் பெய்த பேய்மழை சேறாக இறங்கி, 200க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. மரம் செடி இல்லாத சரிவுகள் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. சூளையில் சுடாத மண் கல்லால் கட்டிய வீடுகளும் தாங்கவில்லை. கோடை உச்சத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஏற்கெனவே மெலிந்த காற்று, சூடானால் மேலும் மெலிந்து விமானத்தைத் தூக்கும் திறனை இழக்கிறது. 2024 ஜூலை இறுதியில் வெப்பம் ஏறியதால் லே விமானங்கள் சில நாள் ரத்தாயின. எந்த மாதம் போனாலும் அதிகாலை விமானமே எடுங்கள், பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடும்.

கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் ஜூன் இரண்டாம் பாதி நல்லது, கூட்டம் இருக்கும். என் தேர்வு நவராத்திரி விடுமுறை, அதுவும் அது செப்டம்பர் கடைசியில் விழுகிற ஆண்டு. பகலில் 20 டிகிரி, இரவில் 5 டிகிரி அளவு. வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். நெட்டிலிங்கம்போல் உயர்ந்து நிற்கும் பாப்லர் மரங்கள் மஞ்சளாக மாறத் தொடங்கும். அக்டோபர் நடுவில் விழுந்தால் இரவு உறைநிலையைத் தொடும், அதற்கேற்பத் துணி கூடுதலாக வேண்டும்.

துணிக்காகப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். தில்லி ஜனவரிக்கு வைத்திருக்கும் தெர்மல், ஸ்வெட்டர், அப்பாவின் குரங்குக் குல்லாய் எல்லாம் போதும், காற்றுப் புகாத மேலுறை ஒன்று இருந்தால். தடித்த கோட்டு ஒன்றைவிட, கழற்றி மாட்டத் தோதான மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். கைப்பேசியில் காட்டும் 20 டிகிரி, நிழலில் பெட்டிக்குள் வைத்த கருவி அளந்தது. வெயிலில் நின்றால் வியர்க்கும். அதே சுவரின் மறுபக்கம் போனால் நடுங்கும். புற ஊதாக் கதிர் அங்கே கடுமை, ஆகவே குழந்தைக்கும் கருப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் அவசியம். வறட்சியில் உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியலாம். வாஸலின், மூக்குக்கு உப்புநீர்த் துளிகள் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் பாட்டிலோடு உறைந்துதான் கிடக்கும், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஃபில்டர் காபிக்கு அந்தச் சூடு தாராளம், பொடியும் ஃபில்டரும் கொண்டுபோகலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: அறையில் கரியோ கேஸோ எரியும் கணப்பை வைத்துக்கொண்டு கதவை அடைத்துத் தூங்காதீர்கள்.

மூன்றாம் நாள் முதல், லேயைவிடத் தாழ்ந்த பக்கம் போங்கள். சிந்துவும் சான்ஸ்கரும் கலக்கும் நிம்மு, அதைத் தாண்டி ஆல்ச்சியின் பழைய மடாலயம், இவை அப்பாவின் மூச்சைச் சோதிக்காது. பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே. அதற்கு 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய் வழியாகப் போக வேண்டும். அப்பா இல்லாமல் நீங்கள் மட்டும் வேறொரு முறை அதைப் பாருங்கள்.

மகளுக்காக ஒன்று. நவராத்திரி அமாவாசைக்கு மறுநாள் தொடங்குவதால் முதல் மூன்று, நான்கு இரவுகளில் நிலா சீக்கிரம் மறைந்துவிடும். எட்டு மணிக்கு மேல் நன்றாகப் போர்த்தி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், தெற்குப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். தில்லியில் அவள் ஒருநாளும் பார்த்திராத பால்வீதி அங்கே அடிவானத்திலிருந்தே தெரியும்.