ஒரு ஆளுக்குச் சமையல்: டப்பா வாங்காதீர்கள், பாத்திரத்தை மாற்றுங்கள்

கேள்வி: வயது 71. தஞ்சாவூரில் தனியாக இருக்கிறேன். ஒரு வருடத்தில் 54 கிலோவிலிருந்து 50-க்கு இறங்கிவிட்டேன். ஆறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. எவ்வளவு குறைத்து வைத்தாலும் சாம்பார் மூன்று நாளைக்கு மிஞ்சுகிறது, இல்லையென்றால் அடிப்பிடிக்கிறது. இரவில் பாலும் பிஸ்கட்டும்தான். பக்கத்து வீட்டுக்கு வரும் ‘நியூட்ரிஷன் கோச்’ புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். மகன் கேரியர் சாப்பாட்டுக்கு மாதப் பணம் கட்டிவிடலாம் என்கிறான். எது சரி? சர்க்கரை கிடையாது, முட்டை சாப்பிடுவேன்.

பதில்: உணவியல் நிபுணர்

முதலில் எடை. தானாக ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் இளைத்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சர்க்கரை கிடையாது என்கிறீர்கள்; கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சளி இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை, இவற்றை இந்த வாரமே முடியுங்கள். கிரியேட்டினின் கூடியிருந்தால் கீழே சொல்லும் பருப்பு, முட்டை அளவுகளை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பின்பற்ற வேண்டும். பல்லையும் காட்டுங்கள். பல் செட் தளர்ந்து, மெல்ல முடியாமல் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்து, அதையே ‘பசி இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

அடுத்து அந்த புரோட்டீன் பவுடர் டப்பா. வேண்டாம். அந்தக் ‘கோச்’ உங்கள் எடைக்குறைவுக்கு என்ன காரணம் என்று ஒரு கேள்வியாவது கேட்டாரா? டப்பா விற்றால் அவருக்குக் கமிஷன், அவரைச் சேர்த்துவிட்டவருக்கும் அதில் ஒரு பங்கு. உணவியல் நிபுணர்களையும் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டம் 2021-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு யார் வேண்டுமானாலும் வீடு வீடாக ஆலோசனை சொல்லலாம் என்ற நிலைதான் தொடர்கிறது, கேட்க ஆளில்லை. ‘ஹெல்த் டிரிங்க்’ கதையும் இதேதான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. அந்தப் பெயரில் வைத்திருந்த பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கும்படி இணையக் கடைகளுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில்தான் சொன்னது. எந்த டப்பாவானாலும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

இனி அடிப்பிடிக்கும் விஷயம். தப்பு உங்கள் கையில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பது பாத்திரத்தின் அகலத்தையும் தீயையும் பொறுத்தது. குழம்பின் அளவைக் கால்வாசியாக்கிவிட்டு அதே அகலக் கடாயில் வைத்தால், தண்ணீர் மட்டும் பழைய வேகத்திலேயே வற்றும். ஆகவே 12 முதல் 14 செ.மீ. வாய் அகலமுள்ள, அடி கனமான ஒரு பாத்திரம் வாங்குங்கள். சின்ன பர்னரில் வைத்து மூடிச் சமையுங்கள். ஒரு வேளைச் சாம்பாருக்குப் புளி கோலிக்குண்டு அளவு, சாம்பார் பொடி தலை தட்டிய ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல்.

தாளிப்புக்குக் கடாயே வேண்டாம். அரை டீஸ்பூன் எண்ணெய் அதில் மெல்லிசாகப் பரவிவிடும். கடுகு வெடிக்காமல் கருகும். தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் விட்டு, காம்பைத் தூக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய் ஒரு ஓரமாகக் குளம் கட்டும். அதில் கால் டீஸ்பூன் கடுகைப் போட்டால் மூழ்கி வெடிக்கும். வெடித்து ஓயும் நேரத்தில் அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே கறிவேப்பிலையும் பெருங்காயமும்.

சாம்பார் மிஞ்சுவதற்கு வழி: சாம்பாரைச் சேமிக்காதீர்கள், பருப்பைச் சேமியுங்கள். 100 கிராம் துவரம் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள் தூள் மட்டும் போட்டு வேகவையுங்கள். புளி போடக் கூடாது. புளிப்பில் பருப்பு குழையாது. 3 லிட்டர் குக்கரில் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், கீழ்க் கிண்ணத்தில் பருப்பு, மேல் கிண்ணத்தில் அரை ஆழாக்கு அரிசி, அதாவது சுமார் 75 கிராம். ஐந்து விசில். வெந்த பருப்பை மூன்று சின்ன டப்பாக்களில் பிரியுங்கள். ஒன்று இன்றைய சாம்பாருக்கு. ஒன்று ஃப்ரிட்ஜில், நாளைக்குக் கீரைக் கூட்டு அல்லது ரசம். மூன்றாவது ஃப்ரீசரில், இரண்டு வாரம் வரை தாங்கும். சாம்பாராகவே வைத்து மூன்று நாள் சுட வைத்தால் காய் கூழாகும், சுண்டச் சுண்ட உப்பு ஏறும். வயதாக ஆக நாக்குக்கு உப்பு உறைப்பது குறைவதால் அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

நீங்கள் இளைத்ததில் அந்தப் பால் பிஸ்கட்டுக்குப் பெரும் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. உங்கள் எடைக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, மேலே சொன்ன ஒரு டப்பா பருப்பில் 7. இரவில் இரண்டு இட்லியோடு ஒரு வேகவைத்த முட்டை, அல்லது ஒரு அடை, அல்லது தயிர் சாதமும் ஒரு கைப்பிடி சுண்டலும். பாலை விட வேண்டாம், படுக்கும் முன் குடியுங்கள். பிஸ்கட்டை மட்டும் நிறுத்துங்கள்.

மதியச் சோற்றை மேடையிலேயே மூடி வைத்து இரவில் சாப்பிடுவது வேண்டாம். அரிசியில் உள்ள ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெளியில் கிடக்கும் சோற்றில் பெருகி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு சுட வைத்தாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் முடியுங்கள்.

‘அப்படியானால் பழைய சோறு?’ என்று கேட்பீர்கள். அது வேறு. ஆறியதும் உடனே குடிநீரில் முழுக்க முங்கும்படி ஊற வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிப்பேற்றும். அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் எளிதில் வளராது. ஆனால் மதியம் வடித்த சோற்றை இரவு ஒன்பது மணி வரை வெறுமனே போட்டுவிட்டு, பிறகு மிச்சத்தில் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது. நஞ்சு அதற்கு முன்பே சேர்ந்திருக்கலாம். குழம்பு கலந்த சோறு, எலுமிச்சை சாதம் எதுவும் ஆகாது. இரவில் வடித்து, இரவிலேயே தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலை எட்டு மணிக்குள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்டுவிட வேண்டும். மதியத்துக்கு வைக்கக் கூடாது. வெயில் காலத்தில் கட்டாயம் கூடாது.

கேரியர் சாப்பாடு வாரத்தில் இரண்டு மூன்று நாளைக்கு நல்லதுதான். மாத முன்பணம் மட்டும் கட்டாதீர்கள். பணம் வாங்கும் ஏஜெண்ட் ஒருவர், சமைப்பவர் வேறொருவர். சோறு ஊசிப்போனால் இருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வாரக் கணக்கில் கொடுங்கள். சமைக்கும் இடத்தின் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேளுங்கள், 14 இலக்கம் இருக்கும். மதியம் வந்ததும் இரவுக்கான பங்கை முதலில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பிறகு சாப்பிட உட்காருங்கள். எடையை மாதம் ஒருமுறை ஒரே மெஷினில் பாருங்கள். இரண்டு மாதத்தில் ஏறவில்லை என்றால் பரிசோதனை முடிவுகளோடு மறுபடி டாக்டரிடம் போங்கள்.